அநுராதபுரத்து மூளைக்காய்ச்சலும் பன்றியின் சாட்சியமும்

தலைநகரில் வாழும் நமக்கு நுளம்பு என்றவுடன் டெங்குக் காய்ச்சலே நினைவுக்கு வரும். நகரங்களில் அது மனிதரிடமிருந்து மனிதருக்கு நுளம்பின்வழி செல்வது. வயற்புறத்து நோயாகிய யப்பானிய மூளைக்காய்ச்சலின் வரலாறோ விலங்குகளையும் உள்ளடக்கியது.

அதன் வைரசு கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளில் இயல்பாக உறைகின்றது. நெல்வயலின் தேங்குநீரிற் பெருகும் கியூலெக்சு இன நுளம்புகள் அதனைப் பன்றிக்குக் கொண்டு செல்கின்றன. பன்றியின் இரத்தத்தில் அது பன்மடங்காகப் பெருகும். வளர்ந்த பன்றியோ பெரும்பாலும் நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. தொற்றுண்ட மனிதருள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரே கடும் நோய்க்கு ஆளாகின்றனர். ஆகவே, வலிப்புடன் முதற் குழந்தை வைத்தியசாலைக்கு வந்து சேருமுன்னரே வைரசு அவ்வூரில் உலாவத் தொடங்கியிருக்கும்.

மகாவலித் திட்டக் குடியேற்றங்களில் நெற்செய்கையாளரின் வருமானத்தைப் பெருக்கும் பொருட்டுப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டிருந்தது. நோக்கம் நன்றே. ஆயினும், நீர் நிறைந்த வயலும் நுளம்பும் பன்றியும் ஒரே வளவில் கூடின. 1985-ஆம் ஆண்டு இறுதியில் அநுராதபுரப் பகுதியில் கொள்ளைநோய் மூண்டது; நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். 1987-88-இல் அதனினும் பெரிதாக அது மீண்டும் வந்தது. அக்காலத்திற் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மலிக் பீரிசு, பூச்சியியலாளர் பீலிக்சு அமரசிங்க முதலியோர் நுளம்பு, பன்றி, மனிதர் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்தனர். ஒரே நோயை மூன்று இடங்களில் ஒரே வேளையில் நோக்கிய அம்முயற்சி, நம் நாட்டு மருத்துவ வரலாற்றிற் போதிய அளவு பேசப்படவில்லை என்பது எம் கருத்து.

யப்பானியர் 1960-களிலிருந்தே கோடைதோறும் பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்து வருகின்றனர். அவுத்திரேலியாவின் தென்கிழக்கில் 2022 பெப்ரவரி இறுதியில் இந்நோய் வெளிப்பட்டதும் பன்றிப் பண்ணைகளிலேதான். செத்துப் பிறந்த குட்டிகளில் வைரசு காணப்பட்டபின், காரணம் விளங்காதிருந்த மூளையழற்சி நோயாளரையும் வைத்தியர்கள் சோதித்து அதனையே கண்டனர். மிருக வைத்தியரின் செய்தி மனித வைத்தியரை எட்டியிராவிடின் அந்நோயாளர் காரணம் அறியப்படாமலே இருந்திருப்பர்.

இலங்கையில் 1988 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டு வருகின்றது. நோயும் பெரிதும் தணிந்தது. ஆனால் ஊசி காப்பது குழந்தையையே. கொக்கையும் பன்றியையும் அன்று. வயலில் வைரசு சுற்றிவரினும், ஊசி ஏற்றப்பட்ட குழந்தைகள் நோயுறாமையால் வைத்தியசாலைப் பதிவேடு வெறுமையாகவே இருக்கும். அதனைக் கண்டு, பன்றியின் இரத்தத்தைச் சோதிக்கும் செலவு வீண் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவ்வேளையிலேதான் அச்சோதனை மிகுதியும் வேண்டப்படுகின்றது. ஊசி பெறாத முதியோரும் அவ்வயல்களில் வேலை செய்கின்றனர்.