'பரையா' போன வழியும் 'டி.சி.' நின்ற இடமும்

ஆங்கில அகராதியைத் திறந்தால் 'பரையா' என்றொரு சொல் இருக்கும். எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன், கூட்டத்தில் சேர்க்கக்கூடாதவன் என்று பொருள் போட்டிருப்பார்கள். ஒரு நாட்டை மற்ற நாடுகள் தள்ளிவைத்தால் அது 'பரையா நாடு'. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவையும் அப்படித்தான் எழுதினார்கள். ஒடுக்குகிறவனுக்கு ஒடுக்கப்பட்டவனின் பெயர்! இது ஒரு தமிழ்ச் சாதியின் பெயர், இன்றைக்கும் உயிரோடு நடமாடுகிற மனிதர்களின் பெயர் என்ற நினைப்பு எழுதுகிறவனுக்கும் இல்லை, படிக்கிறவனுக்கும் இல்லை. நம்ம ஊர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களும் கூச்சப்படாமல் எழுதுகிறார்கள். தமிழில் சொல்லித் திட்டினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அது தலையங்கம்.

சொல் கிளம்பிய இடம் வேறு. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு பேரைச் சொல்லி, இவர்களை விட்டால் வேறு குடியே கிடையாது என்கிறார் மாங்குடி கிழார். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஊருக்குச் சேதி சொன்ன கருவி பறை. இதில் இழிவு எங்கே இருக்கிறது?

வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் இழிவு வந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற ஆட்கள் இப்போது பெருத்துவிட்டார்கள். ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. ஒதுக்கி வைத்தவன் உள்ளூர்க்காரன். ஒதுக்கியதைச் சரக்காக ஏற்றி உலகம் பூரா கொண்டுபோனவன்தான் வெள்ளைக்காரன்.

1613இல் லண்டனில் சாமுவேல் பர்ச்சஸ் அச்சிட்ட பயண நூலோடு சொல் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. அப்போது அது ஒரு சாதியின் பெயர் மட்டும்தான். பிறகு சென்னைப் பட்டணம் வருகிறது. கம்பெனிக்காரன் வீட்டில் சமைத்தது, குதிரை பார்த்தது, பிள்ளை வளர்த்தது, பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியது எல்லாம் நம்ம ஜனங்கள். சாப்பாடு நம்ம கையால். ஆனால் சொல்லுக்கு மரியாதை வரவில்லை. தெருநாய்க்கு 'பரையா நாய்' என்று பேர் வைத்தான். கோழிக்குஞ்சு தூக்குகிற பருந்துக்கு 'பரையா பருந்து'. மட்டமான சாராயம் 'பரையா சாராயம்'. பறவை நூல்களில் அந்தப் பருந்து இருபதாம் நூற்றாண்டிலும் அதே பேரோடு பறந்தது.

1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ்நாடு தெரிந்தவர். சாதியற்றவன் என்ற அர்த்தம் தப்பு, இவர்களைவிடக் கீழாகக் கருதப்படுகிற சாதிகளும் தமிழ்நாட்டில் உண்டு என்று அந்த அகராதியே சொல்கிறது. சொல்லி என்ன பிரயோசனம்? சொல் அதற்குள் ஐரோப்பாவைச் சுற்றி வந்துவிட்டது.

1790களின் தொடக்கத்தில் பெர்னார்தன் த செயின்ட்-பியர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி வருகிற ஆங்கிலேய அறிஞனுக்குப் பெரிய பார்ப்பனப் பண்டிதரிடம் அது கிடைக்கவில்லை, ஒரு பரையாவின் குடிசையில் கிடைக்கிறது. கதை ஓடோ ஓடென்று ஓடியது. 1821இல் பாரிஸில் கசிமிர் தெலாவிஞ் நாடகம் போட்டார். 1829இல் நேப்பிள்ஸில் தொனிசெத்தி அதை இசை நாடகமாக்கினார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற சோசலிசப் பெண், தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னை ஒரு பரையா என்று போட்டுக்கொண்டார். பிறகு மாக்ஸ் வெபர் யூதர்களைப் பரையா மக்கள் என்றார். ஹன்னா ஆரென்ட் 1944இல் அதையே எடுத்து யூதர்களின் சுயமரியாதை பற்றி எழுதினார். இவர்கள் நல்லெண்ணத்தோடு எழுதியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கை மாறும்போதும் சொல்லில் இருந்து சேரி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோனது. கூலி, களம், ஏர் எதுவும் மிஞ்சவில்லை. ஒதுக்கப்பட்ட துக்கம் மட்டும் மிஞ்சியது. அது யாருக்கும் பொருந்துமே!

அந்தத் துக்கம் ஐரோப்பாவில் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே அதே சொல் மண்ணோடு கிடந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர்கள் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் எல்லாம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். தரிசுக்கு விண்ணப்பம் போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை, குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் அந்த இடத்தையும் விட்டுப் போகணும் என்பதை அவர் கண்டார். இதை வைத்து 1892 செப்டம்பர் 30இல் 1010, 1010ஏ என்ற அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் வேர் இதுதான். 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் வைக்கிற கணக்கு. அகராதியில் வசவான சொல், செங்கல்பட்டு ஜில்லாக் காகிதத்தில் நிலத்துக்கு உரிமை கேட்கிற பேராக இருந்தது.

நம் முன்னோர்கள் இந்தப் பேரை வைத்துச் சண்டை போட்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். என்ன பேர் வைத்தார் தெரியுமா? 'பறையன்'. எந்தப் பேரைச் சொல்லித் தாழ்த்தினாயோ அதே பேரில் நிமிர்ந்து நின்று பேசுகிறேன் என்பது அவர் கட்சி. அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் கட்சி வேறு. பௌத்தர்களாக இருந்தவர்களுக்குப் பகைவர்கள் சூட்டிய பேர் அது, நமக்கெதற்கு என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி! இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பேரை யார் வைப்பது என்ற கேள்வியை இரண்டு பேரும் சாதி இந்துவிடமும் விடவில்லை, துரையிடமும் விடவில்லை. 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்கக் காகிதங்களில் பறையர், பஞ்சமர் என்பதை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். ஆங்கில அகராதிக்கு மட்டும் அந்த ஆணை போய்ச் சேரவில்லை.

இன்னொரு சொல்லையும் சொல்லணும். 'டிப்ரஸ்டு கிளாஸ்'. அழுத்தி வைக்கப்பட்ட வகுப்பு என்று அர்த்தம். அழுத்தினவன் ஒருத்தன் இருக்கிறான் என்பது அந்தச் சொல்லிலேயே தெரியும். 1936இல் 'ஷெட்யூல்டு காஸ்ட்' வந்ததும் இது பழசாகிவிட்டது. இன்றைக்கு 'டிப்ரஷன்' என்றால் மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போகிற விஷயம். அழுத்தினவன் காணாமல் போய்விட்டான்.

ஆனால் நம்ம பக்கத்துக் கிராமங்களில் அந்தச் சொல் சாகவில்லை. "அது டி.சி. நெலம்டா, வேற ஆளு வாங்க முடியாது" என்பார்கள் பெரியவர்கள். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்களும் சொல்வார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் எழுதிய டிப்ரஸ்டு கிளாஸ்தான் அந்த டி.சி. ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவருக்கு அதை விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. சிப்காட் வந்து, கல்கத்தா ரோடு அகலமாகி, மண் தங்கமான பிறகு இந்த இரண்டு எழுத்தைக் கண்டாலே புரோக்கர்களுக்கு எரிகிறது. (கம்பெனி கேட் வாசலில் பீகார், ஒரிசா தொழிலாளிகளை 'வடக்கன்' என்று நம்ம பிள்ளைகளே சொல்வதைக் கேட்கிறேன். திசையின் பேர் எப்படி வசவாகிறது என்று நமக்குமா தெரியாது?)

1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பல ஊர்களில் பதிவேட்டைத் தேடவே ஆரம்பித்தோம். 1980களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுசாக எழுதினார்களே, அப்போதுதான் பல இடங்களில் டி.சி. என்ற குறிப்பு விடுபட்டுப் போனது என்பது இயக்கங்களின் குற்றச்சாட்டு. அதனால் தாலுகா ஆபீசுக்குப் போகிறவர்கள் இப்போதைய சிட்டாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தின 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இல்லை என்பார்கள். எழுத்தில் கேளுங்கள்.