டேப்பட் சத்தமும் ஈயப் பெட்ரோலும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பயப்படும் சத்தங்களில் ஒன்று டேப்பட் சத்தம். பானட்டுக்குள் தையல் மெஷின் ஓடுவது போல 'டிக் டிக்' என்று கேட்கும். ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள், சத்தம் போடும் வால்வை விட சத்தமே போடாத வால்வுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் பெட்ரோலின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

முதலில் வால்வின் வேலையைப் பார்ப்போம். என்ஜினுக்குள் பெட்ரோல் கலந்த காற்றை விடுவது ஒரு வால்வு, எரிந்த புகையை வெளியே விடுவது இன்னொரு வால்வு. புகை வால்வு நெருப்பிலேயே வாழ்கிறது. அது மூடி, தன் இருக்கையான 'சீட்'டில் உட்காரும் அந்தச் சிறு நேரத்தில்தான் அதன் சூட்டின் பெரும்பகுதி சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. சூட்டில் வால்வின் தண்டு நீளும். நீண்டாலும் வால்வு முழுதாக மூட வேண்டும் என்பதற்காகத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். இதுதான் டேப்பட் கேப். இது அதிகமானால் சத்தம் வரும். குறைந்து பூஜ்யமானால் சத்தம் நின்றுவிடும், ஆனால் வால்வு சரியாக மூடாது. சூடு இறங்க வழியில்லாமல் வால்வின் விளிம்பு கருகிவிடும்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இந்த இடைவெளியைச் சரிசெய்ய ஸ்க்ரூவே கிடையாது. இடைவெளி குறைந்தால் வால்வைக் கழற்றி, தண்டின் நுனியை அராவித்தான் சரி செய்தார்கள். பிறகு வந்த கார்களில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் வந்தன. 1930-ல் கேடிலாக் தன் 16 சிலிண்டர் காரில் ஆயிலின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பைக் கொடுத்தது. ஆனால் அது விலை உயர்ந்த கார். சாதாரண கார்களுக்கு நீண்ட காலம் ஸ்க்ரூவும் ஃபீலர் கேஜும்தான்.

இதற்கு நடுவில் நடந்ததுதான் முக்கியமான திருப்பம். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயக் கலவையைச் சிறிது பெட்ரோலில் சேர்த்தால் என்ஜின் 'நாக்கிங்' ஆவது நிற்கும் என்று கண்டுபிடித்தார். 1923-ல் அதே நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூஜெர்சியின் பேவே என்ற இடத்தில் இந்தக் கலவையைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் ஈய விஷத்தால் இறந்தார்கள். ஆனாலும் விற்பனை உலகமெங்கும் பரவியது.

ஈயம் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு வேலையும் செய்தது. அது எரியும்போது உண்டாகும் பொருள்கள் புகை வால்வின் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தன. வால்வும் சீட்டும் இரும்போடு இரும்பாக ஒட்டாமல் அந்தப் படலம் காத்தது. அதனால் சாதாரண வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட்டை வெட்டிக்கொண்டால் போதும் என்று ஆயிற்று. தனியாகக் கடினமான சீட் வளையம் பதிக்க வேண்டிய செலவு தொழிற்சாலைக்கு மிச்சம்.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்தக் காரில், 1959-ல் இருந்து பிரிட்டிஷ் பி.எம்.சி. நிறுவனத்தின் 1489 சி.சி. என்ஜின் வந்தது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, வார்ப்பிரும்பு ஹெட். டேப்பட் கேப் ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 15 பாகம், அதாவது சுமார் 0.38 மி.மீ. ஈயப் பெட்ரோல் காலத்தில் இந்த என்ஜினில் பெரும்பாலும் ராக்கர் தேய்ந்து இடைவெளி கூடும், சத்தம் வரும், மெக்கானிக் டைட் வைப்பார். வால்வு என்றால் சத்தம் கூடுவதுதான் கோளாறு என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

ஆனால் ஈயம் எங்கும் போய்விடவில்லை. சைலன்சர் வழியாகக் காற்றில் கலந்து, குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. அமெரிக்காவில் 1970-களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தபோது ஈயம் அதையும் கெடுக்கும் என்பதால் ஈயம் இல்லாத பெட்ரோல் கட்டாயத் தேவை ஆனது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் அது அறிமுகமானது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

படலம் போனதும் பழைய இரும்பு ஹெட்களின் உண்மையான தேய்மானம் வெளியே வந்தது. அதிவேகத்திலும் பாரத்திலும் சூடேறிய புகை வால்வு, சீட்டில் நுண்ணிய அளவில் ஒட்டிப் பிய்ந்து, சீட்டை அரித்துக்கொண்டே ஹெட்டுக்குள் அமுங்கியது. வால்வு மேலே போகப் போக அதன் தண்டு ராக்கரை நெருங்கி இடைவெளி குறைந்தது. அதாவது கார் தேயத் தேய சத்தம் கூடவில்லை, குறைந்தது! பழைய பழக்கத்தில் இருந்தவர்கள் 'என்ஜின் நன்றாக செட் ஆகிவிட்டது' என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஒருநாள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. ஹெட்டை இறக்கிப் பார்த்தால் வால்வு கருகியிருக்கும்.

எனவே அதிகம் ஓடிய, ஸ்க்ரூ டேப்பட் உள்ள காரில் சத்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிலோமீட்டர் கணக்குப்படி அளந்து பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் நடுக்கம், ஏறும் சாலையில் இழுவை குறைவு, முன்பு இருந்த டிக் டிக் காணாமல் போவது, இவை எல்லாம் அளக்க வேண்டிய நேரம் என்பதற்கு அடையாளம்.

அம்பாசடர் என்ஜினுக்கு மெக்கானிக்குகள் 'ஒன்பது கணக்கு' வைத்திருந்தார்கள். என்ஜினைக் கையால் சுற்றி ஒன்றாம் வால்வு முழுதாகத் திறந்தால் எட்டாவதை சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்தால் ஆறாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். ஃபீலர் கேஜின் தகடு லேசான இழுப்போடு நகர வேண்டும். பிறகு ஸ்க்ரூ திரும்பாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா என்பதும், எவ்வளவு இடைவெளி என்பதும் அந்தந்தக் காரின் கையேட்டில் உள்ளபடிதான்.

இதைவிட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முறையும் சரிசெய்வதற்கு முன் எட்டு வால்வின் இடைவெளியையும் எழுதி வைத்தால் போதும். ஒரே புகை வால்வு ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால் சீட் அமுங்குகிறது என்று பொருள். ஸ்க்ரூவைத் தளர்த்துவது அதற்குத் தற்காலிக மருந்துதான். ஹெட்டை இறக்கி, கடினமான சீட் வளையம் பதிப்பதே தீர்வு.

வணிகவியலில் தேய்மானத்தை ஆண்டுதோறும் கணக்கில் காட்ட வேண்டும் என்பார்கள். காட்டாமல் விட்டால் லாபம் போலத் தெரியும். ஈயம் செய்ததும் அதுதான். சீட்டின் தேய்மானத்தை மறைத்து, அதன் விலையை யாரோ ஒரு குழந்தையின் கணக்கில் எழுதியது. அந்த விலையோடு ஒப்பிட்டால், சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபீலர் கேஜைக் கையில் எடுப்பது மிகச் சிறிய செலவு.