இளம் நட்சத்திரங்களைச் சூழ்ந்த வாயு: அகச்சிவப்பு நிறமாலை ஆய்வு (இந்தியாவில்)

இளம் நட்சத்திரங்கள் தாம் பிறந்த வாயுவும் தூசியும் கலந்த திரைக்குள் நெடுங்காலம் மறைந்திருப்பதால், அத்திரையை ஊடுருவி வரும் அகச்சிவப்புக் கிரணங்களை நிறமாலையாக விரித்து, அவ்வாயுவின் சேர்க்கை, உஷ்ணம், வேகம் ஆகியவற்றை அறியும் முறை. காற்றிலுள்ள நீராவி இக்கிரணங்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுமாகையால், இத்துறையின் சரித்திரம் வறண்ட ஆகாயத்தை நாடி மேன்மேலும் உயரே சென்ற யாத்திரையாகவே அமைந்தது.

பூர்வ சரித்திரம்: அகச்சிவப்புக் கிரணங்களை வில்லியம் ஹெர்ஷல் 1800இல் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது, சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நிறமாலைமானியைப் பயன்படுத்தினார். ஜவ்வாது மலைக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி 1972இல் இயங்கத் தொடங்கியது.

பலூன் காலம்: டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஹைதராபாத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியொன்றை, ஹைட்ரஜன் நிரப்பிய பாலிதீன் பலூனில் சுமார் 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி வந்தது. வழியில், சுமார் 17 கி.மீ. உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 80 பாகையையும் தாண்டும் குளிரில் சாதாரணப் பாலிதீன் நொறுங்கிவிடுமாகையால், அதைத் தாங்கவல்ல மெல்லிய படலம் பிரத்தியேகமாகத் தேவைப்பட்டது. இத்தொலைநோக்கியில் சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய விஞ்ஞானிகளின் ஃபேப்ரி-பெரோ நிறமாலைமானி, திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டுப் பொருத்தப்பட்டது. இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியால் எலெக்ட்ரானை இழந்த கரி அணுக்கள் 158 மைக்ரானில் வீசும் ரேகையை அது அளந்தது; வேலா மண்டலத்து ஆர்.சி.டபிள்யூ. 36, ஆர்.சி.டபிள்யூ. 38 முதலிய வாயுத் திரள்கள் இவ்வாறு படமெடுக்கப்பட்டன. ஆய்வு முடிந்ததும் கருவி பாராசூட்டில் இறங்கும். வயலில் அதைக் கண்டெடுப்போர் பிரித்துப் பார்க்காமல் தகவல் தந்தால் வெகுமதி உண்டென்று முன்கூட்டியே அறிவிப்பது வழக்கம். ஆகவே நட்சத்திரங்களின் பிறப்பைப் பற்றிய இவ்வறிவில், பெயர் பதியாத கிராமத்தாரின் நேர்மைக்கும் பங்குண்டு.

கருத்து வேற்றுமை: கரி ரேகையின் பெரும்பகுதி மூலக்கூறு மேகங்களின் ஒளிபட்ட விளிம்பிலிருந்து வருவதென்பர், அயனியாகிய வாயுவின் பங்கும் கணிசமானதென்பாரும் உளர். இடத்துக்கு இடம் இவ்விகிதம் வேறுபடலாம்.

பிற்காலம்: அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கியும் (1994), லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியும் (2000) நிறுவப்பட்டன. 2013இல் ஹான்லேயிலும், 2019இல் உத்தராகண்டிலுள்ள தேவஸ்தலத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கியிலும் 2.5 மைக்ரான் வரை அளக்கும் நிறமாலைமானிகள் சேர்ந்தன. கரியின் 158 மைக்ரான் ரேகையோ இம்மலையுச்சிகளுக்கும் எட்டுவதில்லை. அதற்கு இன்றும் உயரப் பறக்கும் விமானமோ பலூனோ விண்கலமோ வேண்டும்.