பூச்சுக்குள் ஒரு வலை

எங்கள் வீட்டு மாடி அறையில், பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். முடி அளவுதான். இரண்டு தடவை பட்டி வைத்து, பெயின்ட் அடித்து மறைத்தாயிற்று. இரண்டு தடவையும் அடுத்த கோடையில் அதே கோட்டில் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"இது பட்டிக் கோளாறு இல்ல சார். கான்கிரீட்டு ஒரு மாதிரி சுருங்கும், செங்கல் ஒரு மாதிரி சுருங்கும். கொத்திட்டு வலை வச்சுப் பூசினாத்தான் நிக்கும். கோழி வலையா, ஃபைபர் வலையான்னு நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

கோழி வலையா, ஃபைபரா? அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் கையில் கிடைத்தவர் விட்ருவியஸ். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியர்; கட்டடக் கலை பற்றிப் பத்துப் பகுதிகளில் எழுதியவர். ஏழாம் பகுதியில் என் மாடி விரிசலைப் பற்றியே பேசுகிறார் என்று சொல்லலாம். மரக் குச்சிச் சட்டத்தில் மண் அப்பிய சுவர்களில், நேர்க்கட்டையும் குறுக்குக் கட்டையும் வரும் இடங்களில் பூச்சு வெடிக்கும். ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், பூச்சு பிளக்கும் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் வழி: முதலில் சுவர் முழுக்க மண் பூச்சு. அதன்மேல் நாணலை வரிசையாக ஆணியடிக்க வேண்டும். மறுபடி மண். பிறகு முதல் வரிசைக்குக் குறுக்காக இன்னொரு நாணல் வரிசை. அதற்கப்புறம்தான் மணல் கலந்த சுண்ணாம்பும் பளிங்குத்தூள் பூச்சும். குறுக்கும் நெடுக்குமாக நாணல்! இது வலை இல்லாமல் வேறு என்ன? அவர் நாணலை வெறும் சுவரில் அடிக்கவில்லை, பூச்சின் மேல் அடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

வலை பின்னாமல் இழையைக் கலவையிலேயே சேர்ப்பது இன்னொரு வழி. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் சுண்ணாம்புப் பூச்சில் மாட்டு முடி கலந்தார்கள். முடி வந்தது தோல் பதனிடும் இடங்களிலிருந்து. இங்கேதான் எனக்கு ஒன்று இடித்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தெரியும், தோலிலிருந்து முடியைக் கழற்றுவதற்கே அதைச் சுண்ணாம்பில்தான் ஊறப் போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் முடியைத் தின்றுவிடும். அப்படியானால் பூச்சுக்குள் முடி எப்படி நிற்கும்? தொழில் தெரிந்தவர்கள் நீற்றிய சூடு நன்றாக அடங்கிய பிறகு, பூசுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் முடியைச் சேர்த்தார்கள். பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி, காரத்தை மெல்லத் தணித்துவிடும். முடி பிழைத்துக்கொள்ளும்.

இரும்புக்கு விஷயம் அப்படியே தலைகீழ். 1848-இல் தெற்கு பிரான்சில் லாம்போ என்பவர் கம்பி வலையின்மேல் சிமென்ட் பூசிப் படகே செய்தார். சிமென்டின் காரம்தான் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கவசம். அந்தக் காரம் தணிந்தால் துரு ஏறும். துரு உப்பிப் பூச்சைத் தள்ளும். அரை அங்குலப் பூச்சில் காரம் தணிய அதிக காலம் பிடிக்காது. கோழி வலையின் துத்தநாகப் பூச்சு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். நான் ஃபைபர் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்த சாதாரண வகை, ஈ-கிளாஸ், மின்காப்புக்காகப் பிறந்தது. 'ஈ' என்பதே எலக்ட்ரிக்கலின் முதலெழுத்து. சிமென்டின் காரம் அதன் சிலிக்காவை அரித்துவிடும். சோவியத் ஆய்வாளர்கள் காரம் குறைந்த அலுமினா சிமென்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதாவது, கண்ணாடிக்காகச் சிமென்டை மாற்றினார்கள். 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் கண்ணாடியையே மாற்றினார். சுமார் 16 சதவீதம் சிர்கோனியா சேர்த்த கண்ணாடி காரத்தை வெகுவாகத் தாங்கியது. பில்கிங்டன் நிறுவனம் 1971-இல் அதை 'செம்-ஃபில்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால், எல்லா ரோலிலும் 'காரம் தாங்கும்' என்றுதான் போட்டிருக்கிறது! மஜும்தாரின் கண்ணாடி என்று நினைத்து ஏமாற வேண்டாம். பூச்சு வேலைக்கான வலைகளில் பெரும்பாலானவை ஈ-கிளாஸ்தான். மேலே பாலிமர் தோய்த்திருப்பார்கள். அந்தத் தோல்தான் காரத்தைத் தடுக்கிறது. இது தப்பில்லை, ஆனால் தோல் நன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் வெளிச்சுவர்ப் பூச்சு வலைகளுக்கான வழிகாட்டி, காரத்தில் ஊறிய பிறகும் பாதி வலுவாவது மிஞ்ச வேண்டும் என்கிறது; அதுவும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனுக்குக் குறையக்கூடாது. 5 செ.மீ. அகலத் துண்டு சுமார் 100 கிலோ தாங்குவதற்குச் சமம். ஆகவே சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

நான் இரண்டு ரோலிலிருந்து துண்டு வாங்கி, சிமென்ட் கரைத்த தண்ணீரில் ஒரு மாதம் ஊறப் போட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது தனிக்கதை. மலிவானது, கையால் இழுத்ததும் இழை இழையாக முறிந்தது. மற்றது விறைப்பாகவே இருந்தது. என்னால் கிழிக்க முடியவில்லை. சோதனைக்கூட முடிவு இல்லைதான், ஆனால் எனக்கு அது போதும்.

வேலை நாளன்று மேஸ்திரி வலையை வெறும் சுவரில் வைத்து ஆணியடிக்கப் போனார்.

"மேஸ்திரி, முதல்ல ஒரு கை பூசிட்டு, ஈரத்துல வலையை அமுக்கி, மேல இன்னொரு கை பூசலாமே?"

"வேலை ரெண்டாகும் சார்."

"ஆகட்டும். சுவத்தோட ஒட்டிக் கிடந்தா மேல விரிசலை எப்படிப் பிடிக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு கரண்டியை எடுத்தார். சந்தின் இரண்டு பக்கமும் அரை அடி வருகிற மாதிரி வலையை வெட்டச் சொல்லி, சித்தாளிடம் கத்தரியைக் கொடுத்தார்.