மட்டை யார் கையில்?

இராமநாதபுரம் கடற்கரையோரச் சேரி ஒன்றில் நாங்கள் மாலைப் படிப்பகம் நடத்தி வருகிறோம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் மணலில் இறங்கிவிடுவார்கள். பனைமட்டையின் இரு ஓரத்துக் கருக்கையும் அரிவாளால் சீவினால் பேட் தயார். பச்சையாக இருந்தால் கனக்கும், காய்ந்தால் வெடிக்கும். ரப்பர் பந்துக்கு மட்டுமே தாங்கும்.

போன பொங்கலுக்கு ஊர்த்தெருப் பையன்கள் எங்கள் பிள்ளைகள் இருவரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் நாள் முழுக்கப் பந்து வீசினார்கள். முள்ளுக்குள் போன பந்தைப் பொறுக்கினார்கள். பேட் மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. "அது காசு போட்டு வாங்கினது" என்று சொல்லிவிட்டார்களாம்.

இது நூறாண்டு தாண்டிய பழைய கதை. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாமர் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தவர். வலைப்பயிற்சியில் துரைமாருக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்க ஒருநாளும் விடவில்லை. பந்துவீச்சு உழைப்பு, மட்டை துரைத்தனம். பிறகு இந்து அணியில் சேர்த்தார்கள். களத்தில் எல்லோரும் தொட்ட பந்தையே அவரும் தொட்டார். தேநீர் மட்டும் வெளியே, மண்குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தும் தலைமை தரவில்லை. 1920-இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து ஆட மறுத்தார்கள். 1923-இல் விட்டல் அதே இந்து அணிக்குத் தலைவரானார். கேட்காமல் கிடைத்ததல்ல அது.

சரி, காசு போட்டு வாங்கிய அந்த பேட் யார் செய்தது?

நல்ல பேட் வில்லோ மரத்தில் ஆனது. எடை குறைவு, நார் உறுதி. நம் நாட்டில் காஷ்மீரில் விளைகிறது. பிளந்த கட்டையை மாதக்கணக்கில் உலர்த்தி, முகப்பை இயந்திரத்தில் அழுத்துவார்கள். அழுத்தம் குறைந்தால் பேட் சீக்கிரம் பிளக்கும். கூடினால் பந்து துள்ளிப் போகாது. பிரம்புக் கைப்பிடியை ஆப்புபோல் செருகி ஒட்டி, ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும். இதில் பாதிக்கு மேல் கைப்பழக்கம்தான்.

பிரிவினைக்கு முன் இந்தத் தொழிலின் தலைநகரம் சியால்கோட். 1947-இல் அங்கிருந்து அகதிகளாக ஜலந்தர் வந்த மேக் என்னும் பட்டியல் சாதி மக்கள், முகாமில் குடியேறி, விளையாட்டுப் பொருள் தொழிலில் கூலிகளாக உழைத்தார்கள். மீரட்டில் தோலை வெட்டி, தக்கை உருண்டைமேல் போர்த்திப் பந்து தைப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளே. செத்த மாட்டுத் தோலைத் தொட்டால் தீட்டு. அதே தோல் பந்தாகிவிட்டால் தொடையில் தேய்க்கலாம், 2020 வரை எச்சிலும் தடவினார்கள்!

இதையெல்லாம் படிப்பகத்தில் சொன்னோம். பந்து வீசப் போனவர்களில் ஒருவன் கேட்டான்: "அப்ப அந்த பேட்ல நம்ம ஆளுங்க கையும் இருக்குல்ல அக்கா?"

இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு அழைப்பு வந்தால், மட்டை பிடிக்கும் முறை உண்டா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறோம். இல்லையென்றால் பந்து வீசவும் ஆள் இல்லை.