அசையும் விழிகளும் அறிந்த ஆசிரியரும்

அயனம்பாக்கம் ஏரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூந்தமல்லியில், பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் 1988ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. அப்பயிற்சியின் தேவையை உணர, ‘நிஸ்டாக்மஸ்’ எனப்படும் கண் ஆட்டம் ஒன்றே போதுமான சான்றாகும்.

இக்குறை உடையோரின் விழிகள் தம் வயமின்றி ஓயாது அசைகின்றன. கண்ணாடி பார்வையை ஓரளவு தெளிவாக்கலாம், அசைவை நிறுத்திவிடாது. இவர்கள் பார்வையற்றோரும் அல்லர், முழுப் பார்வை பெற்றோரும் அல்லர்.

வரலாறோ முதலில் அவ்விரு சாராரையே கண்டது. 1819இல் சென்னையில் தோன்றி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற கண் மருத்துவமனை, பார்வையை மீட்கப் பாடுபட்டது. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி, பார்வையற்றோர்க்குக் கல்வி அளித்தது. இரண்டுக்கும் இடைப்பட்டோர் நெடுங்காலம் காத்திருந்தனர். 1985இல் சென்னையில் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி தொடங்கப்பட்டது. கண் பரிசோதனையைப் பட்டப்படிப்பாகக் கற்றவர்கள் அங்கிருந்து வந்தனர். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், ‘குறைபார்வை’யைப் பார்வையின்மையினின்று பிரித்துப் பெயரிட்டது.

பெயரிட்டால் மட்டும் போதுமா? கண் ஆட்டம் உடைய பலருக்கு, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பார்க்கும்போது அசைவு குறைகிறது. அதற்காகவே தலையைச் சாய்க்கின்றனர். ஆண்டர்சன், கெஸ்டன்பாம் என்னும் இரு மருத்துவர்கள் 1953இல் தனித்தனியே வெளியிட்ட அறுவை முறைகளுக்கு இவ்வுண்மையே அடிப்படை. இதனை அறியாத ஆசிரியர், “நேராக உட்கார்” என்று அதட்டும்போது, ஒழுங்கைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டே பிள்ளையின் பார்வையைப் பறிக்கிறார். ஒரு கண்ணை மூடினால் அசைவு மிகும் வகையும் உண்டு. இதை அறியாமல் ஒவ்வொரு கண்ணாக மறைத்துச் சோதிப்பவர், உள்ளதைவிடக் குறைவாகவே பார்வையை அளந்துவிடுவார். களைப்பும் பதற்றமும் பார்வையை மேலும் மங்கச் செய்யும். ஆகவே, தேர்வுக்கூடத்தில் கூடுதல் நேரம் தருவது சலுகையன்று, நீதி.

ஆசிரியர், மருத்துவர், செவிலியர் ஆகியோரின் படிப்புகளில் மாற்றுத்திறன் பற்றிய பாடம் இடம்பெற வேண்டும் என 2016ஆம் ஆண்டின் சட்டம் விதித்துள்ளது. சட்டம் பாடத்திட்டம் வரையே வரும். வகுப்பறைக்குள் அதைக் கொண்டுசெல்ல வேண்டியவர் ஆசிரியரே. தலை சாய்த்து அமர்ந்திருக்கும் பிள்ளையைத் திருத்துமுன், “எங்கே உட்கார்ந்தால் உனக்கு நன்றாகத் தெரியும்?” என்று அவர் கேட்கட்டும். பயிற்சியின் முதற்பாடம் அதுவே.