படுகளத்தில் யார் விழுவது?

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிப்பெருக்கை ஒட்டி, எங்கள் கல்லூரி மாணவர்கள் தீரன் சின்னமலையின் போர்களில் ஒன்றை மைதானத்தில் நிகழ்த்திக்காட்ட விரும்பினார்கள். மேடை நாடகம் வேண்டாம், போரையே நடத்திவிடுவோம் என்றார்கள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தேர்ந்த ஒருவன், "ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்கிட்டாப் போதுமுங்கய்யா. பிளாஸ்டிக் குண்டு. பட்டாக் கொஞ்சம் சுரீர்னு இருக்கும், அவ்வளவுதானுங்க" என்றான். கோயில் திருவிழாக்களில் வேட்டுப் போடும் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொருவன் இதை ஒப்பவில்லை. "சத்தமும் பொகையும் இல்லாம அது என்ன சண்டைங்கய்யா? குண்டே வேண்டாம், வெறும் மருந்து போதும்" என்றான். இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். தமிழிலக்கியம் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நிகழ்ச்சி நடக்கவில்லை. கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

மேலைநாடுகளில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி 1961இல் மனாசஸ் களத்தில் அங்கு நடந்த முதற்போரை மீண்டும் நிகழ்த்தினார்கள். இங்கிலாந்தில் 1968இல் பிரிகேடியர் பீட்டர் யங் 'சீல்டு நாட்' என்ற குழுவைத் தோற்றுவித்தார். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்களை நடத்திக்காட்டுவது அதன் பணி. 2015இல், வாட்டர்லூ போரின் இருநூறாம் ஆண்டில், ஏறத்தாழ 5000 பேர் அக்காலச் சீருடையில் களத்தில் திரண்டனர். இவையனைத்தும் என் வேட்டுக்கார மாணவன் சொன்ன வழியைச் சேர்ந்தவை. காகிதச் சுருளில் கருமருந்து இருக்கும், ஈயக்குண்டு இராது. வெடிக்கும், புகையும், எவரையும் தொடாது. வாய்வீச்சுக்காரனை 'வெத்துவேட்டு' என்று நம்மூரில் ஏளனம் செய்கிறோம்; ஆனால் அந்த வெற்றுவேட்டு வரலாற்று மாணவனுக்குக் கற்றுத்தருவது கொஞ்சமன்று.

சான்றாக ஒன்று. அக்காலப் படைவீரர்கள் பளிச்சென்ற சிவப்புச் சட்டையணிந்து வரிசையாக நின்று சுட்டது நமக்கு மடமையாகத் தோன்றும். கருமருந்துத் துப்பாக்கிகள் நூறு சேர்ந்து நாலைந்து முறை முழங்கிய பிறகு களத்தில் எதுவும் தெரியாது. வெண்புகை தரையோடு படிந்து நிற்கும். அந்தப் புகைக்குள் தன் ஆள் யார், மாற்றான் யார் என்று தளபதி அறிய அந்நிறம் வேண்டியிருந்தது. குறிபார்த்துச் சுடுவதைவிடச் சேர்ந்து சுடுவதே பயன்தந்தது. நூல்களில் படித்தபோது இது எனக்கு ஒரு தகவல். வேட்டுப்புகை கண்ணை எரித்த ஒரு திருவிழா இரவில்தான் அது விளங்கிற்று.

வெற்றுவேட்டு ஆபத்தற்றதென்று எண்ணிவிடலாகாது. குண்டு இல்லாவிடினும் குழல்வாயிலிருந்து பீறிடும் வாயு அருகிலிருப்பவனைக் கொல்லும். 1984இல் ஜான் எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்பிடையே விளையாட்டாக வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி மாண்டார். 1998இல் கெட்டிஸ்பர்க் நிகழ்த்தலில் எப்படியோ உண்மைக் குண்டு ஒன்று வந்து ஒருவர் கழுத்தில் பாய்ந்தது, நல்வாய்ப்பாகப் பிழைத்தார். ஆகவேதான் எதிரியை நேரே குறிவைக்காமல் குழலைச் சற்று உயர்த்திச் சுடவேண்டும் என்றும், மருந்தை இடிக்கும் இரும்புக்கோலைக் களத்தில் பயன்படுத்தக் கூடாதென்றும் அக்குழுக்கள் விதி செய்தன. கோலைக் குழலுக்குள் மறந்துவிட்டால் அதுவே அம்பாகும். நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கியும் மருந்துமாக மைதானத்தில் இறங்கக் கல்லூரி மாணவனுக்கு யார் உரிமம் தருவார்?

ஏர்சாஃப்ட் வேறு குலம். எழுபதுகளில் ஜப்பானில் பிறந்தது. 1991இல் டோக்கியோ மருய் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் தானியங்கி வகையைக் கொண்டுவந்த பின் உலகெங்கும் பரவியது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும். சுருள்வில்லோடு உந்துதண்டு பின்வாங்கிப் பாயும். அழுந்திய காற்று 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணியைத் தள்ளும். அதன் எடை பெரும்பாலும் 0.2 கிராம்; ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜூல். தோலில் தடிப்பு வரும், கண்ணில் பட்டால் பார்வை போகும். அதனால் கண்கவசம் கட்டாயம். அந்தக் கவசம் ஒன்றே வேடத்தைக் கெடுக்கப் போதும்; சின்னமலை பாதுகாப்புக் கண்ணாடியோடு வந்தால் நாம் சிரித்துவிடுவோம். மேலும் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளின் பிரதிகள். இரண்டாம் உலகப்போரையோ வியத்நாமையோ விளையாட ஏற்றவை. நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவதே திறமையாயிருந்த காலத்துக்கு ஒவ்வாதவை.

ஆனால் வெற்றுவேட்டில் இல்லாத ஒன்று இதில் உண்டு: அச்சம். சிறியதுதான், ஆனாலும் உண்மையானது. எங்கிருந்தோ மணி வந்து படும் என்று தெரிந்தவன் குனிகிறான், மரத்தின் பின் ஒதுங்குகிறான், தலைநீட்டத் தயங்குகிறான். வெற்றுவேட்டுக் களத்தில் எவனும் குனிவதில்லை. அங்கே பார்ப்பவனுக்குப் போர் தெரிகிறது. இங்கே ஆடுபவனுக்குத் தெரிகிறது. பிரிட்டனில் 2006இல் போலித் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தபோது வரலாற்று நிகழ்த்தலுக்கும் ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கும் தனித்தனியே விலக்கு அளித்தார்கள். இரண்டும் வேறுவேறு என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது!

எனக்கு உறைத்த வேறுபாடு இதனினும் எளியது. யார் விழுவது? வெற்றுவேட்டில் எவர்மீதும் குண்டு படாததால், சாவு முன்னேற்பாடு. நெடுந்தொலைவு பயணம் செய்து, பெரும்பொருள் செலவிட்டுச் சீருடை தைத்து வந்தவன் முதல் வேட்டிலேயே சாக விரும்புவானா? விரும்புவதில்லை. எத்தனை முறை சுட்டாலும் ஒருவரும் விழாத களங்களைப் பற்றி அக்குழுவினரே கேலி பேசிக்கொள்வதுண்டு. ஏர்சாஃப்டில் மணி பட்டவன் கையுயர்த்தி, தானே ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். பட்டும் படாதவன்போல் ஆடுகிறவன் இருக்கவே செய்கிறான். அதைவிடப் பெரிய இடர், அங்கே மணி வரலாற்றை மதிப்பதில்லை. சங்ககிரிக்குப் போகவேண்டியவர் வென்றுவிட்டால் என்ன செய்வது?

இனி நம் கதைக்கு வருகிறேன். 1801இல் காவிரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அரச்சலூர் என்று சின்னமலையின் போர்களை வரிசைப்படுத்துகின்றன நூல்கள். ஆனால் அவர் எந்தக் களத்திலும் குண்டுபட்டு விழவில்லை. சமையற்காரன் காட்டிக்கொடுத்தான் என்கிறது மக்கள் வழக்கு. 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் உடன்பிறந்தாரோடு தூக்கிலிடப்பட்டார். 1800 ஜூனில் கோவையிலிருந்த கும்பினிப் படையைத் தாக்கும் திட்டம் குலைந்தபோதும் பிடிபட்டவர்கள் தூக்கில்தான் தொங்கினார்கள். எந்தத் துப்பாக்கியைக் கொண்டு இதை நிகழ்த்துவது?

எங்கள் ஆனைமலைப் பக்கமே வருவோம். 1783இல் கர்னல் புல்லார்ட்டன் படையோடும் பீரங்கிகளோடும் இவ்வழியே காட்டுக்குள் புகுந்து பாலக்காட்டை அடைந்து, நவம்பரில் அக்கோட்டையைப் பிடித்தார். அந்தப் பயணத்தின் பெரும்பகுதி மழையும் சேறும் ஓடைகளும். பீரங்கி இழுத்த மாடுகளையும் வழிவெட்டிய கூலியாட்களையும் நினைத்துக்கொள்கிறேன். போரென்பது பெரும்பாலும் சுமப்பதுதான், சுடுவது கொஞ்சம். அதை நிகழ்த்திக்காட்ட எந்தக் குழுவும் முன்வரப் போவதில்லை.

தமிழில் 'படுதல்' என்ற வினை விழுதலையும் சாதலையும் ஒருங்கே குறிக்கும். நடுகற்களில் இன்னார் 'பட்டான்' என்று பொறித்தார்கள். கொன்றவன் பெயர் அங்கே பெரும்பாலும் முதன்மையன்று. பட்டவன் பெயருக்கே கல். அந்தச் சொல்லின் வழியேதான் கொங்கின் சொந்தப் போர்நிகழ்த்தலுக்கு நான் வந்துசேர்ந்தேன். அண்ணன்மார் கதையின் படுகளம் அது.

பொன்னரும் சங்கரும் களத்தில் மடிந்ததையும், தங்கை அருக்காணி நல்லதங்காள் அவர்களைத் தேடிவந்ததையும் உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். பிரெண்டா பெக் என்னும் கனடிய மானிடவியலர் 1965இல் கொங்குச் சிற்றூரில் இதை ஒலிப்பதிவு செய்தார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழா. நம் சிற்றூர்களிலும் கூத்தின் இறுதியில் படுகளம் நடைபெறும். வாள் எவரையும் வெட்டுவதில்லை. பாட்டு சங்கரின் சாவை நெருங்குகையில் கூட்டத்திலிருந்து ஆட்கள் விழுகிறார்கள். இன்னார் விழவேண்டும் என்ற முறையெல்லாம் கிடையாது. விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். தங்காளாக வருபவள் அழுதுகொண்டே வந்து தீர்த்தம் தெளிப்பாள். ஒவ்வொருவராக எழுவார்கள்.

நான் பகுத்தறிவோடு பேசப் பழகியவன். அருள் வந்து விழுகிறார்கள் என்று சொல்லத் தயக்கமுண்டு. நடிக்கிறார்கள் என்று சொல்லவும் அன்று அந்த இடத்தில் நின்ற எனக்கு வாய் வரவில்லை. வெற்றுவேட்டுக்காரர்கள் தீர்க்க முடியாததையும், பிளாஸ்டிக் மணிக்காரர்கள் கையுயர்த்தித் தீர்ப்பதையும் இவர்கள் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே துப்பாக்கியில்லை, சட்டம் தடுக்க எதுவுமில்லை. முடிவும் மாறாது, ஏனெனில் கதை முன்பே முடிந்துவிட்டது.

வேட்டுக்கார மாணவன் படிப்பை முடித்துப்போன பின் ஒரு மாசியில் வீரப்பூருக்குப் போய்வந்து என்னைப் பார்க்க வந்தான். துணி விலக்கி எழுந்த ஓர் இளைஞனிடம் விழும்போது என்ன தெரிந்தது என்று கேட்டானாம். "விழுந்தது தெரியாது. தண்ணி பட்டதுதான் தெரியும்" என்றானாம் அவன்.